பாண்பெட்டிக்குள் மூன்று பெண்பிள்ளைகள்

2007 ஒக்ரோபர் 11, வியாழக்கிழமை. விடிய எழும்பினேன். கிணற்றடியில் முகம் கழுவினேன். முருங்கை மரத்தில் தொங்கிய உறிக்குள் கையை விட்டு, போன் நனையாமல் இருக்கிறதா என்று பார்த்தேன். இரவு தூறியிருந்தது, பொலித்தீன் பையின் மேல் மட்டும் ஈரம். அந்தோனியார் படத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தினேன். குசினிக்குள் மனைவி தேங்காய் திருவினாள். மகன் யூட் அடையாள அட்டையைச் சட்டைப் பையில் வைத்து, பையைத் தொட்டுப் பார்த்து, இன்னொரு முறையும் தொட்டுப் பார்த்தான். படலையடியில் பாண்காரரின் கோர்ன் கேட்டது.

எங்கள் வீட்டில் எந்த நாளும் இந்த ஒழுங்கில்தான் தொடங்கும். ஒழுங்கு குலைந்தால் எனக்குப் பயம் பிடிக்கும். குலையாவிட்டாலும் அந்த யுத்த வருடங்களில் பயம் வரத்தான் செய்தது. ஒழுங்கையாவது காப்பாற்றுவோம் என்று இருந்தேன்.

உலகத்திலேயே மூன்று பெண்பிள்ளைகளைப் பாண்பெட்டிக்குள் வைத்து வளர்த்த ஒரே பிரமச்சாரி எங்கள் ஊர்காவற்றுறைப் பாண்காரர்தான். ஞானஸ்நானத்தில் அவருக்கு வைத்த பெயர் பங்குச் சுவாமிக்கே மறந்துபோயிருந்தது. ஊருக்கு அவர் ‘கவரேஜ் அண்ணை’.

பிள்ளைகள் என்றது மூன்று கைத்தொலைபேசிகளை. மூன்று கம்பெனிகளின் மலிவு இணைப்புகள். மூத்தவள், நடுவிலாள், கடைக்குட்டி என்று பெயர். சைக்கிளின் பின்னால் இருந்த பெரிய தகரப் பெட்டிக்குள், பேக்கரியில் சுட்ட பாண்களுக்கு நடுவே, ஒரு பழைய துவாய்த் துண்டில் மூவரும் படுத்திருப்பார்கள். சந்திக்குச் சந்தி சைக்கிளை நிறுத்தி மூடியைத் திறப்பார். ஒவ்வொருத்தியையும் வெளியே எடுத்து வானத்துக்குக் காட்டுவார். பிறகு அந்த இடத்துக்குரிய தீர்ப்பு வரும்.

“மூத்தவள் குடும்பப் பெண், கிளாக்கர்” என்று எங்கள் படலையில் சாய்ந்துகொண்டு சொன்னார். நான் பள்ளிக்கூடத்தில் எழுதுவினைஞர்; அவருக்கு நான் கிளாக்கர். “பட்டினத்திலை வடிவாக் கதைப்பாள். அல்லைப்பிட்டி தாண்டினா நினைச்சாத்தான் வாய் திறப்பாள். பெரிய இடத்துக் கௌரவம். நடுவிலாளுக்குக் கடலைக் காட்டோணும். வேலணைச் சந்தியிலை நிண்டு தொண்டை கிழியக் கத்தினாலும் திரும்பிப் பாராள்.”

“கடைக்குட்டி?”

“அவள் மலிவு. மலிவெண்டபடியால் ஒருதரும் மதிக்கிறேல்லை. அவளும் தன்ரை பாட்டுக்கு வருவாள், போவாள். மழை பெய்தா நல்லாக் கதைப்பாள். ஈரம் தொண்டைக்கு நல்லதெல்லே.”

“அப்ப நான் எதை எடுக்கிறது அண்ணை?”

“மூண்டையும் எடும்.”

“மூண்டுக்கு நான் எங்கை போறது?”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “அப்ப உமக்குக் கடைக்குட்டிதான் சரி.”

அப்படித்தான் எங்கள் வீட்டுக்குக் கடைக்குட்டியின் இணைப்பு வந்தது. கருவி பழையது, திரை கறுத்துப்போய்க் கிடந்தது. யார் எடுக்கிறார்கள் என்று தெரியாது. மணி மட்டும் அடிக்கும். அதை வீட்டுக்குள் வைத்தால் செத்துப்போகும். கவரேஜ் அண்ணை காணி முழுவதும் நடந்து, கோழிக்கூட்டுக்கு மேலே ஏறி, கடைசியில் முருங்கை மரத்தடியில் நின்று, “இஞ்சைதான் அவளுக்கு விருப்பம்” என்றார். தயிர்ச் சட்டி தொங்கிய உறியில் போன் தொங்கத் தொடங்கியது. பக்கத்து வீட்டில் வேப்பமரம், அடுத்த வீட்டில் கோயில் பக்கத்து மதில். எங்கள் ஒடுக்கமான ஒழுங்கைக்குள் புதிதாக யாரும் நடந்து வந்தால், மரங்கள் எல்லாம் போன் காய்த்திருப்பதாக நினைத்திருப்பார்கள்.

போன் எங்களுக்குக் கதைக்கிற சாமான் அல்ல. பிள்ளைகள் உயிரோடு போய்ச் சேர்ந்தார்களா என்று அறிகிற சாமான். யூட்டுக்குப் பட்டினத்தில் ஒரு போட்டோக் கொப்பிக் கடையில் வேலை. போகிற வழியெல்லாம் சென்றி, படையினரின் சோதனைச் சாவடி. மண்டைதீவுச் சந்தியில் பெரிய சென்றி. பிறகு கடலுக்கு நடுவே போகிற ரோட்டு, பண்ணைத் தாம்போதி. கடைக்குப் போனதும் ஒரு மணி அடித்து வைத்துவிடுவான். ஒரு மணி என்றால் ‘பத்திரமாய் இருக்கிறேன்’. பின்னேரம் வெளிக்கிடும்போது இரண்டு மணி. தீவு முழுவதும் இதே வழக்கம்தான். எடுத்துக் கதைத்தால் காசு போகும். எடுக்காத மணி இலவசம்.

இந்த வழக்கத்தைக் குலைக்கவென்றே கடவுள் கவரேஜ் அண்ணையைப் படைத்திருந்தார். எந்த இடத்தில் எந்தப் பிள்ளை கதைக்கிறாள் என்று சோதிக்க, வீடு வீடாக ஒற்றை மணி அடித்துப் பார்ப்பார். மகன் இப்போதுதான் பஸ் ஏறியிருக்கிறான், அதற்குள் ‘சேர்ந்துவிட்டேன்’ என்று மணி. ஒரு தாய் அகப்பையோடு தெருவில் ஓடிவந்து அவரை மறித்தாள்.

“நீர் ஒரு மனிசரோ? என்ரை பெடியன் வேலணையிலை நிக்கிறான். நீர் அதுக்குள்ளை அவனைப் பட்டினத்துக்கு அனுப்பிப்போட்டீர்.”

“கவரேஜ் பாத்தனான் அக்கா.”

“பாண் பழசு. அதைப் பாரும் முதல்.”

கடைசியில் பங்குச் சுவாமி வீட்டு விறாந்தையில் வைத்து ஒரு தீர்மானம் எடுத்தோம்: கவரேஜ் அண்ணை சோதனைக்கு மூன்று மணிதான் அடிக்க வேண்டும். மூன்று மணி என்றால் ஒருவரும் பயப்படத் தேவையில்லை, சந்தோசப்படவும் தேவையில்லை. அவர் தலையாட்டினார். அடுத்த ஞாயிறு பூசையில், சுவாமி அப்பத்தை உயர்த்திய நேரத்தில், அவருடைய சட்டைப் பைக்குள் மூத்தவள் வாய் திறந்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த நாட்களில் யாருடைய போன் அடித்தாலும் எல்லோரும் ஒன்றாக வாசல் பக்கம் திரும்புவோம். பூசை முடிந்து வெளியே வந்த அவர், “கோயிலுக்குள்ளை அவள் இதுவரைக்கும் கதைச்சதில்லை” என்று பெருமைப்பட்டார். சுவாமி அதற்குப் பிறகு சில கிழமைகள் அவரிடம் பாண் வாங்கவில்லை.

ஒரு போன் வைத்திருந்தாலே சந்தேகப்படுகிற காலத்தில் மூன்றோடு திரிந்தால் என்ன நடக்கும்? நடந்தது. ஒரு நாள் காலை சந்திச் சென்றியில் பாண்பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். நான் பஸ்ஸுக்கு நின்றேன். பெட்டிக்குள் துவாயை விலக்கியதும் சென்றிக்காரனின் முகம் மாறியது. அவன் இளம் பெடியன். துவக்கு அவனைவிட வயது கூடியதுபோல இருந்தது.

“மூணு போன் எதுக்கு?”

“சேர், இது மூத்தது. இது நடுவிலது. இது...”

“யாருக்குப் பேசுற?”

“ஒருதருக்கும் இல்லை சேர். கவரேஜ் பாக்கிறது.”

அவரை வெயிலில் சென்றிக்குப் பக்கத்தில் இருத்திவிட்டார்கள். பஸ்ஸுக்கு நின்ற நாங்கள் எல்லோரும் நிலத்தைப் பார்த்தோம். அங்கே இருத்தப்பட்டவர்களில் சிலர் வீடு திரும்பியதில்லை என்பது எங்களுக்குத் தெரியும். பஸ் வந்தது, நான் ஏறினேன். பள்ளிக்கூடத்தில் அன்று நான் எழுதிய ஒன்றும் சரிவரவில்லை.

பின்னேரம் திரும்பி வரும்போது, சென்றிக்குப் பின்னால் ஒரு தார்ப் பீப்பாவின் மேல் அந்தப் பெடியன் ஏறி நின்றான். ஒரு கையில் துவக்கு, மற்றக் கையில் தன்னுடைய போன். “அம்மே, அம்மே” என்று கத்திக்கொண்டிருந்தான். கீழே கவரேஜ் அண்ணை நின்று, “கொஞ்சம் இடப்பக்கம் சேர், கொஞ்சம் இடப்பக்கம்” என்று கையால் காட்டினார். பெட்டிக்குள் பாண் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

“என்ன அண்ணை, விட்டிட்டாங்களோ?” என்று ஒழுங்கைக்குள் வந்த பிறகு கேட்டேன்.

“பாவம் கிளாக்கர். நடுவிலாளின்ரை இணைப்பை வைச்சுக்கொண்டு கடலுக்கு முதுகைக் காட்டி நிக்கிறான். எப்பிடித் தாய் கேக்கிறது?” அதைச் சொல்லிவிட்டு இரண்டு தரம் பெடலில் கால் வைக்கப் பார்த்தார், ஏலவில்லை. சைக்கிளை நான்தான் உருட்டிக்கொண்டு வந்தேன்.

சரி, வியாழக்கிழமைக்கு வருகிறேன். காலையில் யூட்டின் ஒற்றை மணி வந்தது. நான் பள்ளிக்கூடம் போனேன், வந்தேன். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது தாம்போதிப் பக்கமிருந்து ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தம். கோழிகள் ஓடின. முருங்கையிலிருந்து பூ உதிர்ந்தது. மனைவி குசினி வாசலில் வந்து நின்று என் முகத்தைப் பார்த்தாள். நான் உறியைப் பார்த்தேன்.

ஒழுங்கையில் கதவுகள் சாத்துகிற சத்தம் வரிசையாகக் கேட்டது. பாதை பூட்டியாகிவிட்டது, ஊரடங்கு போடப்போகிறார்கள், பஸ்ஸை மறித்துப் பெடியன்களை இறக்குகிறார்கள் என்று கதை வந்தது. யார் கொண்டுவந்தது என்று தெரியாது. யூட் வழக்கத்துக்கு முந்தி வெளிக்கிட்டிருந்தால் அந்த பஸ்ஸில்தான் இருப்பான். இரண்டு மணி வரவில்லை. வராதது நல்லதா கெட்டதா என்று எனக்கு விளங்கவில்லை.

கவரேஜ் அண்ணை வியர்த்து ஒழுக வந்து படலையில் சைக்கிளை நிறுத்தினார்.

“மூத்தவளும் நடுவிலாளும் செத்திட்டினம், கிளாக்கர். ஒரு கோடும் இல்லை. பட்டினம் வரைக்கும் லைன் விழுந்திட்டுதாம். கடைக்குட்டி மட்டும் முனகிறாள்.”

“யூட்டின்ரை போன் மூத்தவளெல்லோ அண்ணை” என்றாள் மனைவி.

“ஓம் தங்கச்சி. அவன் அடிச்சாலும் இஞ்சை வராது. அதாலைதான் வரேல்லை. அவனிலை ஒரு பிழையும் இல்லை, கம்பெனியிலைதான் பிழை.” எந்தத் தாய் கேட்டாலும் அவர் சொல்கிற பதில் அதுதான். “துறைமுகத்தடி உடைஞ்ச மதிலிலை ஏறினா கடைக்குட்டி கதைப்பாள். யூட்டின்ரை கடைக்காரரின்ரை வீட்டு லைனுக்கு எடுத்துப் பாக்கிறன்.”

“ஊரடங்கு நேரத்திலை மதிலிலை ஏறப்போறீரோ? வேண்டாம்” என்றேன்.

“பாண்காரனை ஆர் பாக்கப் போறான்” என்றார். மிதித்துக்கொண்டு போய்விட்டார். கோர்ன் அடிக்கவில்லை. அவர் கோர்ன் அடிக்காமல் போனதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

பிறகு ஒழுங்கையில் ஒரு மனித நடமாட்டமும் இல்லை. நானும் மனைவியும் முருங்கையின் கீழ் இரண்டு கதிரையைப் போட்டு இருந்தோம். அவள் செபமாலை உருட்டினாள். நான் மேலே பார்த்தபடி இருந்தேன். துறைமுகப் பக்கம் நாய்கள் குரைத்தன. வெடிச் சத்தம் கேட்குமோ என்று காது அங்கேயே நின்றது. இப்போது எங்களுக்குப் பயப்பட இரண்டு பேர்.

இருள்கிற நேரம் உறிக்குள் போன் அடித்தது. ஒரு மணி. நின்றுவிட்டது.

மனைவி எழும்பிச் சிலுவை போட்டாள். “கடையிலைதான் நிக்கிறான்” என்றாள். “வாங்கோ, சாப்பிடுவம்.”

நான் சரி என்றேன். சாப்பிட்டேன். ஆனால் எனக்குத் தெரியும். மூத்தவள் செத்துக் கிடக்கும்போது யூட்டால் மணி அடிக்க ஏலாது. அன்று பின்னேரம் எங்கள் மரத்தை எழுப்பக் கூடியது கடைக்குட்டி ஒருத்திதான். எங்கள் திரை கறுப்பு என்பதும் தெரிந்து, ஒற்றை மணியின் அர்த்தமும் தெரிந்து, உடைந்த மதிலில் ஏறி நின்று அந்த மணியை அடித்தவர் யார் என்று யோசிக்க எனக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. அவருக்குக் கடைக்காரர் கிடைக்கவில்லை. அதனால்தான் மூன்று அடிக்காமல் ஒன்று அடித்தார். மனைவி நித்திரை கொள்ளட்டும் என்று நான் வாயைத் திறக்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன்.

விடிய ஊரடங்கு எடுத்தார்கள். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் முருங்கையடிக்கு வந்தோம்.

“நித்திரை கொண்டனீரோ?” என்று கேட்டேன்.

“நீங்கள் கொண்டால்தானே நான் கொள்ள” என்றாள். “நேற்றையான் மணி அவன்ரை இல்லையெண்டு எனக்குத் தெரியாதே? உந்த மனிசன் மூத்தவள், நடுவிலாள் எண்டு எந்த நாளும் படலையிலை நிண்டு சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டுதானே பாண் வாங்கிறனான். நீங்கள் நம்பிச் சாப்பிடுறியள் எண்டு பேசாமல் இருந்திட்டன்.”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. தான் படலைக்குப் படலை நின்று சொன்னதை ஒருவரும் காது கொடுத்துக் கேட்டதில்லை என்று அந்த மனிதர் நம்பியிருக்கிறார். அந்த நம்பிக்கையில்தான் மதிலில் ஏறியிருக்கிறார்.

கோர்ன் கேட்டது. படலையில் அவர் நின்றார். முழங்கையில் மதில் கிழித்த காயம், அதில் சுண்ணாம்பு. எங்கள் முகத்தைப் பார்க்காமல் பெட்டி மூடியைத் துடைத்தார்.

“நேற்று மகன் அடிச்சவனோ?” என்று நிலத்தைப் பார்த்துக் கேட்டார்.

“ஓம் அண்ணை” என்றாள் மனைவி. “ஒரு மணி.”

“நான் சொன்னனான்தானே.”

அப்போது உறிக்குள் போன் அடித்தது. ஒரு மணி. மூவரும் அப்படியே நின்றோம். அவருடைய இரண்டு கைகளும் சைக்கிள் பிடியில் இருந்தன. மெதுவாகப் பெட்டியைத் திறந்து துவாயை விலக்கினார். “மூத்தவள் எழும்பிட்டாள்” என்றார்.

மனைவி இலவச மணியாவது மண்ணாவது என்று போனை இழுத்தெடுத்து, எண்ணை அமத்தி, “சாப்பிட்டியோடா?” என்று கேட்டாள். கடைக்காரர் சத்தம் கேட்டதும் கதவைப் பூட்டி அவனை உள்ளேயே வைத்திருக்கிறார். கொப்பி மெசினுக்குப் பக்கத்தில் கடதாசிப் பெட்டிகளை விரித்துப் படுத்திருக்கிறான். அவள் கதைத்து முடித்து, முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்து, போனை என்னிடம் தந்தாள்.

முகம் கழுவவில்லை. மெழுகுதிரி கொளுத்தவில்லை. ஒக்ரோபர் 12 காலை நான் முதலில் செய்த வேலை, கடைக்குட்டியின் எண்ணை அமத்தியது. பெட்டிக்குள் பாண்களுக்கு நடுவே அவள் ஒரு மணி அடித்தாள். நான் நிறுத்திவிட்டேன்.

அவர் அவளை எடுத்துத் திரையைப் பார்த்தார். என் எண்ணைப் பார்த்தார்.

“இஞ்சை கவரேஜ் நல்லாத்தான் இருக்கு, கிளாக்கர்” என்றார். பாணைத் தர மறந்து, கோர்ன் அடித்துக்கொண்டு போனார்.