கிராப்ட்ரி வீட்டின் அசல் கணப்பு

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தது ஒரு பெரிய விஷயமே அல்ல. இரண்டு கல் உரசியது, பற்றிக்கொண்டது, அவ்வளவுதான். அந்த நெருப்பை எங்கே வைப்பது என்று முறைப்படி ஆராய்ந்து, கூட்டம் போட்டு, தீர்மானம் நிறைவேற்றி, ஆராய்ச்சி முடியும்வரை நெருப்பை அணைத்தே வைத்திருக்கும் பக்குவம் இருக்கிறதே, அதுதான் நாகரிகம். அந்தப் பக்குவத்தை மனிதகுலம் எட்டியது யார்க்‌ஷயரின் ஹார்க்டேல் ஊரில், மில் தெரு பதினான்காம் எண் வீட்டில், சென்ற அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை. எட்டியவர் நெவில் கிராப்ட்ரி. பஸ் கம்பெனியில் கால அட்டவணை தயாரித்து ஓய்வுபெற்றவர். அவருடைய அட்டவணையில் ஒருநாளும் தவறு இருந்ததில்லை. பஸ்கள்தான் தவறாக வந்தன.

அதுவரை அந்த வீட்டு முன்னறையில் ஒரு கேஸ் கணப்பு இருந்தது. தேக்கு நிறச் சட்டம், உள்ளே போலிக் கரித்துண்டுகள். பொத்தானை அமுக்கினால் எரியும், அறை சூடாகும். நாற்பது வருடமாக இந்த ஒரே வேலையை அலுக்காமல் செய்துவந்தது. ரசனை உள்ளவர்கள் வீட்டில் வைத்துக்கொள்ளக்கூடிய பொருளா அது? நெவில் நார்வே நாட்டு இரும்பு விறகடுப்பு ஒன்றை வாங்கிவிட்டார்.

அடுப்பு பொருத்தும் டெரிக் வந்து பார்த்தார். "கேஸை எடுத்துட்டு, குழிய சுத்தம் பண்ணி, தரையில ஒரு ஸ்லேட் பலகை போட்டு, புகைபோக்கியில குழாய எறக்கிட்டா முடிஞ்சுது. ரெண்டே நாள் வேலைங்க."

"நெவில்," என்றாள் மனைவி பெரில், "கிறிஸ்மஸுக்கு ரோவீனா குழந்தையத் தூக்கிட்டு வரா. நம்ம பேத்திக்கு இது மொத கிறிஸ்மஸ். முன்னறை சூடா இல்லேன்னா நேரா லீட்ஸுக்கு, மாமியார் வீட்டுக்குப் போயிடுவா. அங்க தரைக்கு அடியிலயே சூடு ஓடுதாம். டிசம்பர்ல வெறுங்கால்ல நடக்கறாங்களாம்."

"இப்ப அக்டோபர். கிறிஸ்மஸ் எந்த மாசம்?"

"டிசம்பர்."

"அப்பறம் என்ன?" என்றார் நெவில். அட்டவணை போட்டவருக்குத் தெரியாதா?

கேஸ் கணப்பு கழற்றப்பட்டு, வாசலில் நின்ற இரும்புக் குப்பைத் தொட்டிக்குள் போயிற்று. ஹார்க்டேலில் அடுத்தவர் தொட்டியில் கிடப்பதைக் கேட்காமல் எடுப்பது திருட்டு. கேட்டுவிட்டு எடுப்பது நல்ல பழக்கம். அன்று மாலையே, சுவரோடு சுவர் ஒட்டிய பதினாறாம் எண் வீட்டு மிஸஸ் ஹாகர்த், எல்லோரையும் 'கண்ணு' என்று அழைக்கும் கைம்பெண், வந்து கதவைத் தட்டினாள்.

"கண்ணு, தொட்டியில கெடக்கற அந்தக் கணப்பு உனக்கு வேணாமில்ல? என்னோடது போன வாரம் உசுர விட்டுடுச்சு."

"அந்த அவமானமா? தாராளமா எடுத்துக்குங்க," என்றார் நெவில், பரிதாபத்தோடு. சிலருக்குச் சூடு மட்டும் போதும்; என்ன செய்வது?

கேஸ் கணப்பு இருந்த இடத்தின் பின்னால் பழுப்பு ஓடு பதித்த இன்னொரு கணப்பு தென்பட்டது. இங்கேதான் வரலாறு குறுக்கிட்டது. வரலாற்றின் உள்ளூர்ப் பிரதிநிதி கத்பர்ட் ஓல்ட்ராய்ட், ஹார்க்டேல் பழங்கணப்புப் பாதுகாப்புச் சங்கத்தின் தலைவர். அசல் கணப்பைக் கண்டெடுக்கும் வீட்டுக்குச் சங்கம் ஒரு பச்சைத் தகடு வழங்கும். ஊரில் இதுவரை ஒரே ஒரு தகடுதான் உண்டு. அது கத்பர்ட் வீட்டில் இருந்தது.

கத்பர்ட் டார்ச் அடித்து ஓடுகளைப் பார்த்தார். மூக்கால் ஒரு சத்தம் செய்தார். "இது தாத்தா காலத்துது கூட இல்ல மிஸ்டர் கிராப்ட்ரி. அப்பா காலத்துது. இதுக்குப் பின்னாடி வேற ஒண்ணு இருக்கு. எப்பவும் இருக்கும்."

"எப்பிடித் தெரியும்?"

"தட்டிப் பாருங்க."

நெவில் தட்டினார். டொக் என்றது.

"கேட்டுதா? அதான் வரலாறு."

டெரிக் திருப்பி அனுப்பப்பட்டார். நவம்பரில் ஓட்டுக்குப் பின்னாலிருந்து பூவேலை செய்த வார்ப்பிரும்புக் கணப்பு ஒன்று வெளிப்பட்டது. சங்கம் மேற்படி முன்னறையிலேயே கோட்டு கழற்றாமல் கூடி, பெரில் போட்ட ஒன்பது கோப்பைத் தேநீரையும் குடித்துவிட்டு, "வயது நூற்று நாற்பது மட்டுமே; நிராகரிக்கப்படுகிறது" என்று ஒருமனதாகத் தீர்மானித்தது.

"இது எரியுமா?" என்று கேட்டாள் பெரில்.

"பிரமாதமா எரியும்," என்றார் கத்பர்ட். "ஆனா எரிக்கறது வரலாற்றுக்குச் செய்யற துரோகம்."

வார்ப்பிரும்பின் பின்னால் ஒரு கல் வளைவு இருந்தது. வளைவின் பின்னால் இன்னும் பெரிய வளைவு இருந்தது. டெரிக் ஒருமுறை எட்டிப் பார்த்துத் தலையில் கை வைத்தார்.

"என்னங்க இது? நான் கேட்டது குழி. நீங்க குகை தோண்டி வெச்சிருக்கீங்க. இதுக்குள்ள உங்க அடுப்ப வெச்சா, சர்ச்சுக்குள்ள தீப்பெட்டி வெச்ச மாதிரி இருக்கும்."

அடுப்பு நடைவழியில் பெட்டியோடு நின்றது. அதன்மேல் பெரில் ஒரு லேஸ் துணி விரித்துச் சாவியும் கடிதங்களும் வைத்தாள். மாடியில் இரண்டு ரேடியேட்டர்கள் உண்டு. அவை தந்த சூடெல்லாம் திறந்துகிடந்த புகைபோக்கி வழியாக ஏறி, ஹார்க்டேலின் வானத்தைச் சூடாக்கப் போயிற்று. வெண்ணெயை வெட்டப் பலமான கத்தி தேவைப்பட்டது. கொல்லையில் நெவில் அடுக்கிய விறகைத் தெருவே வந்து பார்த்துப் பாராட்டியது. ஈரம் அளக்கும் கருவியை ஒவ்வொரு கட்டையிலும் குத்தி, "இன்னும் காயல" என்று தினமும் அறிவித்தார். எரிக்க இடமில்லாத வீட்டில் காயாத விறகு. இப்படி ஒரு பொருத்தம் எல்லோருக்கும் வாய்க்குமா?

ஒன்று சொல்ல வேண்டும். நெவில் கல்நெஞ்சர் அல்ல. பேத்தி டில்லி நெருப்பில் கை வைத்துவிடக் கூடாதே என்று பித்தளைக் கம்பித் தடுப்பு ஒன்றை முதலிலேயே வாங்கி, அந்தக் குகையின் முன்னால் நிறுத்தியிருந்தார். தினமும் காலையில் அதைத் துடைப்பார். குழந்தையின் முகம் நினைவுக்கு வந்து, இன்னொரு முறையும் துடைப்பார். பிறகு உளியை எடுப்பார்.

பெரில் பின்னல் ஊசிகளை எடுத்துக்கொண்டு அடிக்கடி பக்கத்து வீட்டுக்குப் போய்வரத் தொடங்கினாள். முதலில் அரை மணி நேரம். பிறகு சாப்பாட்டுக்கு மட்டும் வந்தாள். பிறகு சாப்பாட்டுக்கும் வரவில்லை. ஆராய்ச்சிக்கு இடைஞ்சல் செய்யாத மனைவி கிடைத்ததை எண்ணி நெவில் நெகிழ்ந்துபோனார்.

டிசம்பர் பதினைந்தாம் தேதி அவள் கம்பளித் தொப்பியோடு வந்து நின்றாள். "நாளைக்கு டெரிக்கக் கூப்பிட்டு அத மூடு. இல்லேன்னா குழந்தைய எங்க வெச்சுக்கணும்னு நான் பாத்துக்கறேன்."

நெவில் ஒரு நிமிடம் ஆடித்தான் போனார். அந்த நேரம் பார்த்துக் கத்பர்ட் கல்லைத் தட்டினார். டொக் என்றது.

"இந்தத் தெரு கட்டினது 1791ல," என்றார் கத்பர்ட், குரல் தழுதழுக்க. "இன்னும் ஒரே ஒரு கல்லுதான் மிஸ்டர் கிராப்ட்ரி."

அந்த ஒரே ஒரு கல் எட்டு நாள் எடுத்தது. இருபத்து மூன்றாம் தேதி நண்பகல், கத்பர்ட் டார்ச் பிடிக்க, நெவில் உளியை வைத்து ஓங்கி அடித்தார். கல் நகர்ந்தது. இடுக்கு வழியாக வெதுவெதுப்பாக ஒரு காற்று வந்து அவர் மூக்கைத் தொட்டது.

"சூடா வருதே!"

"வராதா பின்ன? இருநூறு வருஷமா அடைச்சுக் கெடந்த காத்து."

"கேக் வாசனை கூட அடிக்குது."

"ஜார்ஜ் மன்னர் காலத்துக் கேக்," என்றார் கத்பர்ட். குறிப்பேட்டில் அதை எழுதியும் கொண்டார்.

நெவில் இன்னொரு அடி அடித்தார். ஒரு ரொட்டி நுழையும் அளவுக்குத் துளை விழுந்தது. உள்ளே வெளிச்சம். எங்கோ ஒரு குழந்தை கெக்கெக்கென்று சிரித்தது. கத்பர்ட் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

நெவில் கண்ணை வைத்துப் பார்த்தார். நன்றாகத் தெரிந்தது. ஓர் அறை. ஒரு கிறிஸ்மஸ் மரம். வெறுங்காலுடன் மகள் ரோவீனா. மிஸஸ் ஹாகர்த் மடியில், சட்டைகூட இல்லாமல், டில்லி. பக்கத்தில் தேக்கு நிறச் சட்டத்துக்குள் போலிக் கரித்துண்டுகள் செக்கச்செவேலென்று எரிந்துகொண்டிருந்தன. அன்று காலை பெரில் கதவருகே நின்று "ரோவீனா வந்தாச்சு, பக்கத்து வீட்டுல இருக்கோம்" என்று சொன்னதும், தான் "உளி எங்க?" என்று கேட்டதும் அவருக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தன.

மறுபக்கத்திலிருந்து பெரிலின் கண் துளைக்கு வந்தது.

"நெவில், குழந்தை மேல குளிர் காத்து அடிக்குது. துணிய வெச்சு அடை."

"பெரில், நான் வந்து..."

"அதுக்கு முன்னாடி அந்தக் கம்பித் தடுப்பு இருக்கில்ல, அத எடுத்துட்டு வா. நெருப்பு இங்கதான் இருக்கு."

"வா கண்ணு," என்றது மிஸஸ் ஹாகர்த்தின் குரல். "வாசல் வழியா வா."

நெவில் தடுப்பைத் தூக்கிக்கொண்டு போனார். புகைக்கரி படிந்த அவருடைய விரலை டில்லி பிடித்து வாயில் வைக்கப் பார்த்தாள். அவர் அழுதார். குளிரில் கண் கலங்கியது என்று பிறகு விளக்கம் அளித்தார். கத்பர்ட் மட்டும் குகையிலேயே இருந்து, பின்சுவர் 1791-ஆம் ஆண்டைச் சேர்ந்ததே என்று உறுதிசெய்தார். அதில் ஒரு துளை இருப்பது அதன் மதிப்பைப் பாதிக்காது என்பது சங்கத்தின் கருத்து.

ஜனவரியில் பச்சைத் தகடு வழங்கப்பட்டது. வாசகத்தை யாரைக் கேட்பது? கணவரின் அரும்பணியை அருகிலிருந்து கண்டவர் என்ற முறையில் பெரிலைக் கேட்டார்கள். அவள் சொன்னதைச் சங்கம் ஓர் எழுத்தும் மாற்றாமல் பொறித்து, கைதட்டலுக்கிடையே பதினான்காம் எண் வீட்டுச் சுவரில் பதித்தது. இன்றைக்கும் மில் தெருவில் போகிறவர்கள் நின்று வாசிக்கலாம்:

"இவ்விடத்தில் 1791 முதல் சென்ற அக்டோபர் வரை மனிதர்கள் குளிர்காய்ந்தார்கள். அதன்பின் நெவில் கிராப்ட்ரியால் பாதுகாக்கப்பட்டது."