மச்சினனுக்கு முன்னால் ஒரு மிடில்வெயிட்

நேரான சாலையில் பைக் ஓட்டுவதில் நான் யாருக்கும் சளைத்தவன் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இதற்குப் பிறகு என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல வேறு எதுவும் வரப்போவதில்லை.

நான் கல்கத்தாவில் பிறந்து வளர்ந்த தமிழன். வீடு பவானிபூரில், வேலை நியூ டவுனில். இடையில் உள்ள தூரத்தை என் இருநூறு சி.சி. வண்டியில் தினமும் பறந்து கடப்பேன். (பறந்து என்பது கொஞ்சம் அதிகம். பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவே ஊர்ந்து கடப்பேன்.) மற்றவர்கள் எடுக்கும் முடிவுகளில் என்னென்ன ஆபத்து ஒளிந்திருக்கிறது என்று முன்கூட்டியே கண்டுபிடித்துச் சொல்வதுதான் ஆபீசில் என் வேலை. இதற்குச் சம்பளமும் தருகிறார்கள்.

என் மனைவி மீனாவின் தம்பி கார்த்திக், அலிப்பூரில் ஒரு வங்கியில் இருக்கிறான். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம்தான். ஆனால் வளர்ந்தது கரக்பூர் ரயில்வே குடியிருப்பில் என்பதால் அவனுக்குத் தமிழைவிட வங்காளிதான் சரளம். முக்கியமாக, கோபம் வங்காளியில்தான் வரும். வாரம் முழுக்க வங்கியில் உட்கார்ந்திருந்துவிட்டு, விடுமுறை நாட்களில் ஒரு கிளப் நடத்தும் பைக் பந்தயங்களில் ஓட்டுவான். பரிசுப் பணம் என்று பெரிதாக எதுவும் இல்லாத, ஆசைக்கு ஓட்டுகிறவர்களின் பந்தயம்.

கல்கத்தாவிலிருந்து சில மணி நேரம் தள்ளி, கைவிடப்பட்ட ஒரு பழைய விமான ஓடுதளம். அதில் டயர்களையும் வைக்கோல் கட்டுகளையும் அடுக்கி வளைவுகள் உண்டாக்குவார்கள். வண்டிகளில் இரண்டு பிரிவு. இருநூறு சி.சி. வரைக்கும் லைட்வெயிட், அதற்கு மேல் நானூறு வரைக்கும் மிடில்வெயிட். ஆள் குறைவு என்பதால் இரண்டு பிரிவையும் ஒரே நேரத்தில் விட்டுவிடுவார்கள். மிடில்வெயிட்காரர்கள் முன்வரிசையில் கிளம்புவார்கள், லைட்வெயிட்காரர்கள் பின்னால். முடிவை மட்டும் தனித்தனியாக அறிவிப்பார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் கிளப் புதிதாக ஒன்று சொன்னது. லைட்வெயிட்டில் முதலாவதாக வருகிறவரைத் தங்கள் செலவில் தெற்கே அனுப்பி, நிஜமான ரேஸ் டிராக்கில் ஒரு வாரம் பயிற்சி தருவார்களாம். கார்த்திக் அன்றிலிருந்து சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா என்பதைக்கூடக் கவனிக்கவில்லை. அப்படி ஒரு டிராக்கை அவன் போனில்தான் பார்த்திருக்கிறான். மேனேஜரிடம் லீவுக்குக்கூட முன்னாடியே சொல்லி வைத்துவிட்டான்.

இந்த நல்ல நேரத்தில்தான் எனக்கும் பந்தயத்தில் ஓட்டவேண்டும் என்று தோன்றியது.

கார்த்திக் சந்தோஷப்பட்டான். "உங்க வண்டியிலயே லைட்வெயிட்ல வாங்க அத்தான். பவர் கம்மியா இருந்தாத்தான் வளைவுல வேகத்தை விடாம திரும்பக் கத்துக்க முடியும். பெரிய வண்டி நம்ம தப்பையெல்லாம் மறைச்சிரும்."

தப்பை மறைக்கும் என்றால் அதுவல்லவா எனக்கு வேண்டிய வண்டி.

உட்கார்ந்து ஆபத்தை மதிப்பிட்டேன். லைட்வெயிட்டில் ஏகப்பட்ட பேர், பாதிப் பேர் கல்லூரிப் பையன்கள். அங்கே கடைசியாக வந்தால் பதினெட்டாவது இடம். நாற்பதைத் தாண்டிய, தொப்பையும் பதவியும் உள்ள ஒருவன், பத்தொன்பது வயதுப் பையனுக்குப் பின்னால் வந்தால் என்ன மரியாதை? மிடில்வெயிட்டில் என்னையும் சேர்த்து ஆறே பேர். எவ்வளவு மோசமாக ஓட்டினாலும் ஆறாவது இடம். ஆறாவது இடம் என்று வெளியே சொன்னால் கேட்பவர்கள் அறுபது பேரில் என்று நினைத்துக்கொள்வார்கள். ஆபீசில் நான் தயாரித்த எந்த அறிக்கையும் இவ்வளவு கச்சிதமாக அமைந்ததில்லை.

ஆபீஸ் நண்பன் தேபுவிடம் நானூறு சி.சி. வண்டி இருந்தது. இரவல் கேட்டேன். கொடுக்கும்போது சாவியை விரலிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தான்.

"தாதா, உங்க வண்டியே நல்லாத்தானே இருக்கு?" (தாதா என்றால் வங்காளியில் அண்ணன்.)

"அது சின்னப் பையங்க பிரிவுப்பா."

மீனா வேறு மாதிரி கேட்டாள். "உங்களுக்கு ரேஸ் ஓட்டணுமா, இல்ல அந்த வண்டிமேல உக்காந்து போட்டோ எடுக்கணுமா?"

இரண்டும் என்பது உண்மை. இரண்டாவதுதான் முதலில் என்பது முழு உண்மை.

குளிர்காலத்தில் வங்காளத்தில் நான்கு பேர் எங்கே கூடினாலும் அது பிக்னிக்காகிவிடும். ஓடுதளத்தின் ஓரமெல்லாம் ஜமுக்காளம், மைதா பூரியான லூச்சி, உருளைக்கிழங்குக் கறியான ஆலுர் தம், குரங்குக் குல்லா போட்ட பெரியவர்கள். எங்கள் ஜமுக்காளத்தில் மட்டும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. கரக்பூரிலிருந்து வந்திருந்த மாமியார் தூக்குச் சட்டியோடு நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். மகனும் மாப்பிள்ளையும் ஒரே நாளில் ஓட்டுவதைப் பார்ப்பதற்காகவே வந்திருந்தார்.

பந்தயத்துக்கு முன்னால் ஓட்டுநர்களைக் கூட்டி விதிகளைச் சொன்னார்கள். எந்தக் கொடி எதற்கு என்பதெல்லாம் அப்போதுதான் விளக்கப்பட்டதாம். நான் அங்கே இல்லை. இரவல் தோல் உடுப்பின் ஜிப்பை வயிற்றுக்கு மேலே ஏற்ற முடியாமல், மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு, மாலை வெயில் முகத்தில் விழும் கோணத்தில் மீனாவின் போனுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

கிளம்பினோம். நேர்ப்பாதையில் தேபுவின் வண்டி என்னைத் தூக்கிக்கொண்டு போனது. உலகமே பின்னால் போவதுபோல் இருந்தது. பிறகு முதல் வளைவு வந்தது. அதைப் பார்த்ததும், சந்தில் எதிரே மீன்கூடையோடு ஒருவர் வந்துவிட்டதுபோல் பிரேக்கை அழுத்தினேன். மற்ற ஐந்து மிடில்வெயிட்களும் போயே போய்விட்டன. பந்தயம் முடியும் வரை அவற்றை நான் மறுபடி பார்க்கவில்லை.

பின்னாலிருந்து லைட்வெயிட்கள் வந்தன. முன்னணியில் கார்த்திக். அவனை ஒட்டியே மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஒரு கல்லூரிப் பையன். இருவரும் வளைவில் என்னை உரசுவதுபோல் தாண்டிப் போனார்கள். நேர்ப்பாதை வந்ததும் நான் வண்டியின் காதை முறுக்கி அவர்களை மறுபடி தாண்டினேன். தாண்டும்போது மச்சினனுக்கு ஓர் உற்சாகம் தரவேண்டாமா? இடது கையைத் தூக்கி, தைரியமாக வா என்பதுபோல் ஆட்டினேன்.

அடுத்த வளைவில் மறுபடி மீன்கூடை.

இப்படியே சுற்றுச் சுற்றாக நடந்தது. நேர்ப்பாதையில் நான் முன்னே, வளைவில் அவர்கள் என் பின்சக்கரத்தில். போதாததற்கு நான் பாதையின் நட்டநடுவில் போனேன். பவானிபூரில் ஓரமாக ஒதுங்கினால் அந்த இடுக்கில் ஓர் ஆட்டோ வந்து நிற்கும். நடுவில் போனால்தான் தெருவில் நம்மை மதிப்பார்கள். இருபது வருட அனுபவம் ஒரே நாளில் மாறிவிடுமா?

ஒவ்வொரு வளைவிலும் ஒருவர் நீலத் துணி ஒன்றை என்னைப் பார்த்து வீசிக்கொண்டிருந்தார். பின்னால் வேகமாக வருகிறவருக்கு வழி விடு என்று அதற்கு அர்த்தம். எனக்கு அது தெரியாது. எங்கள் ஊரில் மேம்பாலக் கைப்பிடி, நடைபாதை விளிம்பு, பள்ளிக்கூடச் சுவர் எல்லாம் நீலமும் வெள்ளையுமாகத்தான் இருக்கும். நீலத்தைப் பார்த்து நின்று யோசிக்கிற பழக்கம் கல்கத்தாக்காரனுக்கு இருக்க நியாயமில்லை. அலங்காரம் என்று நினைத்தேன். நான்காவது தடவை அவர் துள்ளித் துள்ளி வீசியபோது, இவ்வளவு அன்பாக இருக்கிறாரே என்று தலையசைத்துவிட்டும் போனேன்.

கடைசிச் சுற்றின் கடைசி வளைவில் கார்த்திக் உள்பக்கமாக நுழையப் பார்த்தான். நான் வழக்கம்போல் பிரேக்கை அழுத்தினேன். என்மேல் மோதாமலிருக்க அவனும் அழுத்தவேண்டியதாயிற்று. அந்த நொடியில் மஞ்சள் ஹெல்மெட் வெளிப்பக்கமாக எங்கள் இருவரையும் சுற்றிக்கொண்டு போய்விட்டது.

முடிவுக்கோட்டை அந்தப் பையன் முதலில் தாண்டினான். கார்த்திக் இரண்டாவது, ஒரு வண்டி நீளம் பின்னால். நான் மிடில்வெயிட்டில் ஆறாவது. என் அறிக்கை துல்லியமாகப் பலித்தது.

கார்த்திக் ஹெல்மெட்டைக் கழற்றி வைக்கோல் கட்டின்மேல் வைத்தான். என்னைப் பார்க்காமல் அதைப் பார்த்து வங்காளியில் ஏதோ சொன்னான். எனக்கு வங்காளி நன்றாகவே தெரியும். தெரியாமலிருந்திருந்தால் நன்றாயிருக்கும்.

கொடி வீசியவரும் வந்தார். நீலம் என்றால் என்ன என்று பொறுமையாக விளக்கினார். அப்போதுதான் எனக்கு விஷயமே விளங்கியது.

அந்த நேரம் பார்த்து மாமியார் தூக்குச் சட்டியோடு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"மாப்ள, பாத்துக்கிட்டேதான் இருந்தேன். கடைசி வரைக்கும் அவனை விட்டு விலகவே இல்லியே நீங்க. மந்திரி காருக்கு முன்னால போலீஸ் வண்டி போவும்லா, அது மாதிரி வளைவுக்கு வளைவு முன்னால போயி, மெதுவா, பத்திரமா கூட்டிட்டு வந்தீய. எனக்கு வயித்துல பால் வாத்த மாதிரி இருந்துச்சு."

மீனா திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் கார்த்திக், "ஆமாம்மா, அத்தான் இல்லன்னா எங்கயாவது விழுந்திருப்பேன்," என்றான். சொல்லிவிட்டு ஒரு இட்லியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிட்டான். அவன் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

திரும்பும் வழியில் டீக்கடையில் அவனைத் தனியாகப் பிடித்தேன். மன்னிப்புக் கேட்டேன். மண்குவளையில் டீயை ஊதிக்கொண்டே கேட்டான்.

"சேச்சே, மறிச்சதுக்கு எனக்குக் கோபம் இல்ல அத்தான். முதல் தடவை எல்லாரும் மறிப்பாங்க. நேர் ரோட்ல என்னைத் தாண்டும்போது கையை ஆட்டினீங்களே, எதுக்கு?"

"உனக்கு உற்சாகமா இருக்கட்டும்னு."

"எனக்கா?"

அதற்குமேல் அவன் கேட்கவில்லை. ஆனால் கேள்வி என்னோடு பவானிபூர் வரைக்கும் வந்தது. வந்து உட்கார்ந்துவிட்டது. நேர்ப்பாதையில் நான் அவனைத் தாண்டியது தேபுவின் எஞ்சினால். வளைவில் அவன் என்னைத் தாண்டியது அவன் வருடக்கணக்காகப் பழகியதால். இரவல் வேகத்தில் ஒருவனைத் தாண்டிவிட்டு, அவனுக்கே தைரியமும் சொல்லியிருக்கிறேன். யோசித்துப் பார்த்தால் ஆபீசிலும் பல வருடமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன் என்று தோன்றியது. (அந்த ஆராய்ச்சியை அங்கேயே நிறுத்திக்கொண்டேன். பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் இருக்கிறது.)

மறுநாள் வண்டியைத் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த குளிர்காலத்தில் என் இருநூறு சி.சி. வண்டியில் லைட்வெயிட்டில் பெயர் கொடுத்தேன். கொடிகளைப் பற்றிச் சொல்லும்போது முதல் வரிசையில் நின்று, பரீட்சைக்குப் போகிறவன்போல் கேட்டேன். ஓரமாகவே ஓட்டி, கல்லூரிப் பையன்கள் அத்தனை பேருக்கும் வழிவிட்டு, கடைசிக்கு முந்தைய இடத்தில் வந்தேன். கார்த்திக் முதலாவதாக வந்தான். அவன் என்னை ஒரு சுற்று அதிகமாகத் தாண்டிப் போனபோது கையைத் தூக்கவில்லை. அவன் நல்ல பிள்ளை. தெற்கே போய் ஒரு வாரம் ஓட்டிவிட்டு, கறுத்து, இளைத்து, வாய் ஓயாமல் பேசிக்கொண்டு திரும்பினான்.

மாமியாருக்கு மட்டும் யாரும் உண்மையைச் சொல்லவில்லை. கரக்பூர் அக்கம்பக்கம் முழுக்க நான் பாதுகாப்பு கொடுத்த கதை பரவியிருக்கிறது. அங்கே போனால் மாஷிமா என்று நாங்கள் கூப்பிடும் வங்காளி மாமிகள் என் தட்டில் கூடுதலாக ஒரு சந்தேஷ் இனிப்பு வைக்கிறார்கள். நானும் தின்றுவிடுகிறேன்.

போன வருடம் கார்த்திக்குக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம் கோயிலிலிருந்து கிளம்பி, முக்கில் திரும்பி மண்டபத்துக்குப் போகவேண்டும். யார் எங்கே நிற்பது என்று ஒரே குழப்பம். மாமியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்து முன்னால் நிறுத்தினார்.

"மாப்ள, நீங்க முன்னால போங்க. அவன் உங்க பின்னாலயே வந்துருவான், அவனுக்குப் பழக்கம்தான்."

மாலையும் பட்டு வேட்டியுமாகப் பின்னால் நின்றிருந்த கார்த்திக் என் காதருகே குனிந்தான்.

"அத்தான், முக்குல திரும்பும்போது மட்டும் கொஞ்சம் ஓரமா."