எவர்சில்வர் கம்பியும் காயில் அண்ணனும்

சிகரெட்டை விட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கோயிலில் சூடம் அடித்துச் சத்தியம் செய்து விட்டவர்கள், டாக்டர் மிரட்டியதால் விட்டவர்கள், மாமனாருக்குப் பயந்து விட்டவர்கள். ஆனால் சிகரெட்டை விடுவதற்காகக் கையில் கரண்ட் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்த மனிதர் இந்த வளைகுடா முழுக்க ஒரே ஒருவர்தான். அவர் என் எதிர்க்கட்டிலில் இருந்தார். எனக்கு வாய்த்தது அப்படி.

துபாய் ஜெபல் அலியில் ஒரு குளிர்பதனக் கிடங்கு. நான் அங்கே ஆபீஸில், அவர் ஏசி மெக்கானிக்; தங்குவது கம்பெனி கேம்ப்பில் ஒரே அறை. அறந்தாங்கிப் பக்கத்துக்காரர். பாஸ்போர்ட்டில் அவருக்கு லட்சணமான பெயர் ஒன்று இருந்தது. நாங்கள் 'காயில் அண்ணன்' என்போம், கேம்ப் வாட்ச்மேன் 'காயில் பாய்' என்பார். அந்தப் பெயர் வந்த கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

ஒரு லீவுக்கு ஊருக்குப் போனவர், தன் ஐந்து வயது மகளை ஆசையாகத் தூக்கி மடியில் வைத்திருக்கிறார். அது மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கி ஓடி, "அம்மா, அந்த மாமா மேல நாத்தம் அடிக்குது" என்றிருக்கிறது. லீவு முடிகிற வரைக்கும் மடிப்பக்கமே வரவில்லை.

"நாத்தம்னு சொன்னது கூடப் பரவாயில்ல தம்பி. மாமாங்கிறா. அப்பாங்கல" என்றார் திரும்பி வந்ததும். அடுத்த லீவுக்குள் சிகரெட்டை ஒழிக்க வேண்டும், மகள் மடியில் வந்து உட்கார வேண்டும். மனுஷனுக்கு வேறு லட்சியமே இல்லை.

முதலில் சாதாரண வேப், அதாவது எலெக்ட்ரானிக் சிகரெட், ஒன்றை வாங்கி வந்தார். உள்ளே 'காயில்' என்கிற கம்பிச் சுருள், அதில் பஞ்சு, பஞ்சில் நிக்கோட்டின் கலந்த திரவம். கம்பி சூடானால் ஆவி வரும். முதல் இழுப்பிலேயே பஞ்சு கருகி, அண்ணன் இருமிய இருமலில் மேல்கட்டிலில் தூங்கிய தென்காசி மணி எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

"ஏண்ணே, தலகாணியவா கொளுத்துதிய?"

அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "இதுல தெர்மோஸ்டாட் இல்லடா. தெர்மோஸ்டாட் இல்லாத ஏசிய எவனாச்சும் வாங்குவானா? சூட்டக் கன்ட்ரோல் பண்ற மெஷினு வருதாம். நமக்கு அதான் சரி" என்று கிளம்பி, சூட்டுக்கு அளவு வைக்கிற பெரிய மெஷினோடு திரும்பினார். பார்க்க சின்ன செங்கல் மாதிரி இருந்தது.

அன்றிலிருந்து எங்கள் நிம்மதி போயிற்று. அந்த மெஷினுக்குத் தகுந்த கம்பியைத் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். ஊரில் பெண் பார்த்தபோது கூட அவர் இவ்வளவு யோசித்திருக்க மாட்டார். கட்டிலில் பழைய பேப்பரை விரித்து, சுருள் சுருளாகக் கம்பிகளைப் பரப்பி, வேண்டாம் என்று ஓடுகிறவனையும் இழுத்து வைத்துப் பாடம் எடுப்பார். நான் வாழ்க்கையில் சிகரெட்டைத் தொட்டதே இல்லை. தொட்டிருந்தால் கூட இவ்வளவு கஷ்டப்பட்டிருக்க மாட்டேன்.

"இங்க பாரு தம்பி. சாதா வேப்ல இருக்கே, இந்தக் கம்பி, இது கல்லுளிமங்கன். எம்புட்டு சூடு ஏத்தினாலும் ரெசிஸ்டன்ஸ், அதான் கரண்டத் தடுக்குற அளவு, மாறாது. கம்பி ஒண்ணும் சொல்லலேன்னா மெஷினு எப்படிடா சூட்டக் கண்டுபிடிக்கும்? இந்தா, நிக்கல். சுட்டா ஒடனே சொல்லிரும். ஆனா ரொம்ப மெது, ஸ்க்ரூவ இறுக்குனா நசுங்கிப் போவுது. இது டைட்டானியம். நல்ல கம்பிதான், ஆனா செவக்கச் செவக்கப் பழுக்க விட்டா நமக்கு ஆகாதாம். எனக்கு எதுக்கு வம்பு?"

"அப்ப எதத்தாம்ணே எடுக்கப் போறிய?" என்றான் மணி, தூக்கம் சொக்க.

அண்ணன் கடைசிச் சுருளைத் தூக்கிப் பிடித்தார். முகத்தில் அப்படி ஒரு பெருமை. "ஸ்டெயின்லெஸ் ஸ்டீலு. அதாவது நம்ம எவர்சில்வரு! கல்யாணத்துக்குச் சீர் வைக்கிற சாமான்டா. எவர்சில்வர் யாருக்காச்சும் துரோகம் பண்ணி நீ பாத்திருக்கியா?"

நாங்கள் பார்த்ததில்லைதான். கம்பி முடிவாயிற்று.

சுருள் சுற்றுவதில் அவர் கெட்டிக்காரர். ஸ்க்ரூ டிரைவர் முனையில் நெளிவில்லாமல் சுற்றிவிடுவார். ஆனாலும் தினமும் டியூட்டி முடிந்து வந்து, "இன்னைக்கும் கருகிருச்சு" என்பார். கடைக்காரனைத் திட்டுவார், பஞ்சைத் திட்டுவார். எவர்சில்வரை மட்டும் திட்ட மாட்டார். ஆனால் இடையில் ஒரு நாள் அவர் சட்டையில் சிகரெட் வாடை அடித்தது. அவர் என் முகத்தைப் பார்க்காமல் கம்பி சுற்ற உட்கார்ந்தார்.

பிறகு அவரே காரணத்தைக் கண்டுபிடித்தார். புதுச் சுருள் மாட்டியதும், கம்பி ஆறிக் கிடக்கும்போது மெஷினுக்கு ஒரு கணக்குக் காட்ட வேண்டும். மெஷின் அதை அறையின் சாதாரணக் குளுமை என்று நம்பி, அங்கிருந்து மேலே சூட்டை எண்ணும். அண்ணன் அந்தக் கணக்கை எங்கே காட்டியிருக்கிறார் தெரியுமா? ஜூலை மாத மத்தியானத்தில், கிடங்கின் மொட்டை மாடியில், அனல் கக்கும் ஏசி அவுட்டோர் யூனிட்டுகளுக்கு நடுவே நின்றுகொண்டு. அந்தக் கொதிப்பைத்தான் பாவம் அந்த மெஷின் குளுமை என்று நம்பி, அதற்கு மேலே சூடேற்றிப் பஞ்சைக் கருக்கியிருக்கிறது.

"ஊரு பூரா ஏசிக்கு டெம்பரேச்சர் செட் பண்றவன்டா நானு!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அடுத்த லீவு நாளில் அறையில் ஊரடங்கு. ஏசியை இருபதில் வைத்து, மெஷினை அதன் கீழே வைத்து, மல்டிமீட்டரோடு காவல் உட்கார்ந்தார். யாரும் கதவைத் திறக்கக் கூடாது, அடுப்பைப் பற்ற வைக்கக் கூடாது. மணி புளிக்குழம்புக்கு வெங்காயம் உரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். நாங்கள் ஆளுக்கொரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அந்த நேரம் பார்த்து, ரூம் செக்கிங் என்று, கேம்ப்பை நிர்வகிக்கும் கேம்ப் பாஸ் கதவைத் திறந்தார். வெளியே வெயில் கொளுத்துகிறது. உள்ளே கம்பளிக்குள் நடுங்குகிற மனிதர்கள், நடுவில் கம்பி, பஞ்சு, ஸ்க்ரூ டிரைவர்.

"யே க்யா ஃபேக்டரி ஹை, பாய்? ரூம் மே ஸ்மோக்கிங் மாஃபி!" ரூமில் புகைக்கவே கூடாது என்று அதட்டினார்.

"ஸ்மோக்கிங் நஹி பாய், செட்டிங்! தர்வாஸா பந்த் கரோ பாய், கூலிங் பாஹர் ஜாத்தா ஹை!" என்று, குளுமை வெளியே போகிற பதற்றத்தில், அண்ணன் அவரையே உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திவிட்டார். கேம்ப் பாஸும் ஒரு கம்பளியை வாங்கிப் போர்த்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு கருகவில்லை. திரவம் ஊற்றாத வெறும் பஞ்சை வைத்துப் பட்டனை அழுத்தி, கருகாத அந்தப் பஞ்சை எடுத்துக் கேம்ப் முழுக்கக் காட்டிவிட்டு வந்தார். வெளியே புகைக்கிற இடத்தில் நின்று இழுப்பதோடு சரி, சிகரெட் வாடை அடியோடு போயிற்று. லீவுக்கு டிக்கெட்டும் போட்டாகிவிட்டது.

அப்போதுதான் என் வாய் சும்மா இருக்காமல் அந்த விஷயத்தைச் சொன்னேன். "அண்ணே, இந்தியாவுல வேப்புக்குத் தடை இருக்கு. ஏர்போர்ட்லயே பிடுங்கிருவாங்க."

அண்ணன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப ஊருல பஸ்ஸவிட்டு எறங்குனதும் எதுத்தாப்புல பெட்டிக்கடைதான்டா" என்றார். அந்தப் பெட்டிக்கடையை நினைத்து நாங்கள் எல்லோருமே பயந்தோம். மணி குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டதாகப் பிறகு சொன்னான்.

அண்ணன் என்னவோ எப்போதும் போலத்தான் கம்பி சுற்றினார், பஞ்சு வைத்தார், இழுத்தார். ஊருக்குப் போவதற்கு முந்தின வாரம், மணி அவருக்குத் தெரியாமல் மெஷினை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தான். மறுபடி இழுத்தான். அண்ணன் பின்னால் வந்து நின்றதைக் கூட அவன் கவனிக்கவில்லை.

"அண்ணே, இதுல ஒண்ணுமே வரலியே!"

"தெரியும்டா."

"பொறவு எதுக்கு இழுக்கிய?"

"கைக்கு ஒரு வேல வேணும்ல. நிக்கோட்டின கொஞ்சங்கொஞ்சமாக் கொறச்சு, இப்ப வெறும் தண்ணி மருந்துதான் ஊத்துறேன். சூட்டையும் எறக்கிக்கிட்டே வந்தேன். போன வாரத்துலேர்ந்து ஆவியும் நின்னுருச்சு" என்றார், ஏதோ ஏசிக்கு கேஸ் நிரப்பியதைச் சொல்வது போல. ஒரு வாரமாக அந்த மனிதர் எங்கள் கண் முன்னால் வெறும் காற்றை இழுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மெஷினை மணியிடமே விட்டுவிட்டு ஊருக்குப் போனார். நான்கு நாள் சத்தமே இல்லை. அறையில் யாரும் யாருக்கும் பாடம் எடுக்காமல் எனக்குப் பொழுதே போகவில்லை. பெட்டிக்கடை வேறு அடிக்கடி நினைவுக்கு வந்தது.

ஐந்தாம் நாள் சாயங்காலம் வீடியோ கால். நான் பதறி எடுத்து, "அண்ணே!" என்று கத்தினேன்.

"கத்தாதடா" என்றார், எங்களிடம் ஒருநாளும் பேசியிராத மெல்லிய குரலில். "தூங்குறா."

போனை லேசாகச் சாய்த்துக் காட்டினார். மகள் மடியில் சுருண்டு, அவர் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டே தூங்கியது. "மத்தியானத்துலேர்ந்து அசையல தம்பி. கால் ரெண்டும் மரத்துப் போச்சு. எந்திரிக்க மனசு வல்ல."

மணி வந்து என் தோள்மேல் தலையை வைத்து எட்டிப் பார்த்தான். அந்தக் குழந்தை எழுந்துவிடக் கூடாதே என்று, இங்கே ஜெபல் அலியில் நாங்கள் இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம்.