புள்ளிமான் வடிவும் சாப்பிட்டுவிட்டு உட்காரும் டாக்டரும்

ஒரு காட்டில், எந்தக் காடு என்று கேட்காதீர்கள், குடிக்க ஓடையும் குறை சொல்லச் சொந்தக்காரர்களும் இருக்கிற ஏதோ ஒரு காட்டில், வடிவு என்றொரு புள்ளிமான் இருந்தாள்.

வடிவுக்கு ஒரு பழக்கம். சருகு அசைந்தால் கத்துவாள். ஓணான் ஓடினால் கத்துவாள். தன் நிழலைப் பார்த்தும் கத்தியிருக்கிறாள், பாவம். அவள் கத்தினால் கூட்டம் மொத்தமும் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடும். முள்ளில் மாட்டி, மூச்சு வாங்கி, ஒன்றுமில்லை என்று தெரிந்து திரும்பி வரும். வாய்க்குப் போன புல் வயிற்றுக்குப் போய்ச் சேராது.

கூட்டத்துக்குத் தலைவன் அவளுடைய அண்ணன் கொம்பையா. ஒரு நாள் அவன் பொறுக்க முடியாமல் சொன்னான்.

"வடிவு, எங்களால ஓட முடியல. அமாவாசைக்குள்ள ஒரு மனநல டாக்டரைப் பார்த்துச் சரியாயிடு. இல்லேன்னா ஓடைக்கு அந்தப் பக்கம் தனியா மேஞ்சுக்கோ."

தனியாக மேய்கிற மானுக்கு என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வடிவுக்கும் தெரியும்.

அப்போது காட்டில் மனநல டாக்டர் என்று போர்டு மாட்டியிருந்தவர்கள் ஆந்தையும் மயிலும். குரங்குகள் மயிலுக்கு ஐந்து நட்சத்திரமும் ஆந்தைக்கு மூன்றும் போட்டிருந்தன. எந்தக் குரங்கும் அவர்களிடம் போனதில்லை. நட்சத்திரம் போடப் பிடிக்கும், அவ்வளவுதான். வடிவு அதை நம்பவில்லை. பாறைச் சாமி முன்னால் ஆந்தைக்கு வெள்ளைப் பூ, மயிலுக்குச் சிவப்புப் பூ என்று இலையில் பொட்டலம் கட்டிப் போட்டு, கும்பிட்டு, அணிலை ஒன்று எடுக்கச் சொன்னாள். அணில் ஒன்றைத் தின்றுவிட்டு மற்றதைக் கொடுத்தது. பிரித்தால் வெள்ளை. சாமி உத்தரவு, ஆந்தைதான்.

அந்தக் காட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் சொந்தம் எல்லாம் கூடப் போக வேண்டும். போகாவிட்டால் பிறகு பேச்சு வரும். அதனால் கூட்டமே கிளம்பிப் போய் ஆந்தையின் மரத்தடியில் டோக்கன் வாங்கி உட்கார்ந்தது.

"என்னம்மா செய்யுது?" என்று ஆந்தை கேட்டது.

"தூக்கமே கிடையாது டாக்டர்," என்றான் கொம்பையா.

"மனசுக்குள்ள எப்படி இருக்கு?"

"மனசுக்கு என்ன, வேலை இல்லாத மனசு," என்றாள் மதினி. கொம்பையாவின் பெண்டாட்டி.

"அவங்களே சொல்லட்டுமே."

"அவ சொல்ல மாட்டா டாக்டர். சின்ன வயசுலேயிருந்தே வாய் திறந்து பேச மாட்டா," என்றான் கொம்பையா.

காடே அலறும்படி கத்துகிறவளைப் பற்றித்தான் இந்தப் பேச்சு. ஆந்தை எல்லாரையும் வெளியே இருக்கச் சொன்னது. எல்லாரும் மரியாதையாக எழுந்து பக்கத்துப் புதருக்குப் பின்னால் போய் நின்றார்கள். மான் காது சும்மா இருக்குமா? புதர் முழுக்கக் காதாக இருந்தது. வடிவு அதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். பகல் நேரம் வேறு. ஆந்தை கண்ணை மூடிக் குறட்டை விட ஆரம்பித்தது.

"ஆழமா யோசிக்கிறாரு," என்றாள் மதினி.

அடுத்து மயில். வடிவு "எனக்கு..." என்று ஆரம்பித்ததுமே, "எனக்கும் அப்படித்தான் இருந்திச்சு," என்று மயில் தோகையை விரித்துத் தன் கதையைச் சொல்லத் தொடங்கியது. கூட்டம் சொக்கிப்போய்க் கேட்டது. பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் கதையையும் எடுத்து வைத்தார்கள். மதினி மாமியாரை நினைத்து அழுதாள். வருஷா வருஷம் கொம்பு விழும்போது தான் ஒன்றுமில்லாதவனாக ஆகிவிடுவதாகக் கொம்பையா விம்மினான். வடிவு வெளியே நின்று எல்லாருடைய குட்டிகளையும் பார்த்துக்கொண்டாள்.

"அருமையான டாக்டர். உனக்குத்தான் குணமாகணும்னு எண்ணமில்ல," என்றான் அண்ணன், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அமாவாசை நெருங்கிவிட்டது. வடிவு மறுபடியும் பாறைச் சாமியிடம் போய், "எனக்குன்னு ஒருத்தரைக் காட்டுப்பா," என்று வேண்டிக்கொண்டாள். கும்பிட்டுத் திரும்பினால் எதிர்ப் பாறையில் புதிதாக ஒரு போர்டு. 'மனம் விட்டுப் பேசலாம். சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும்.' கீழே சிறுத்தை படுத்திருந்தது. சாமிக்கும் சில சமயம் வேடிக்கை பார்க்கத் தோன்றும் போலிருக்கிறது.

வீட்டில் சொன்னாள். கூட வருகிறேன் என்று ஒருவர் சொல்ல வேண்டுமே. மதினிக்குக் கால் வலி. அண்ணனுக்கு அவசர வேலை. "நல்லபடியா போயிட்டு வாம்மா," என்று தூரத்திலிருந்தே வாழ்த்தினார்கள். வடிவு தனியாகப் போனாள். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு பயப்படுகிறவளுக்குச் சருகு என்ன, சிறுத்தை என்ன?

"சாப்பிட்டாச்சுங்களா ஐயா?" என்று தள்ளி நின்றே கேட்டாள்.

"ஆச்சு. உட்காருங்கம்மா. எதைக் கண்டு பயம்?"

"உங்களைக் கண்டுதான்."

"அது எல்லாருக்கும் உள்ளது. வேற?"

வடிவு பழக்கத்தில் பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். பதில் சொல்ல யாரும் இல்லை. புதரிலும் காது இல்லை. அவளே சொல்ல வேண்டியதாயிற்று.

"போன மாசியில என் மூத்த பிள்ளை ஓடையில தண்ணி குடிச்சிட்டிருந்தான். பின்னால சத்தம் கேட்டுச்சு. சருகுன்னு நினைச்சேன். கத்தல. அதுக்கப்புறம் எந்தச் சருகையும் விட மனசு வரல."

"எந்த இடம்?"

"நாவல் மரத்தடி."

"நெத்தியில பெரிய புள்ளி?"

"ஆமா."

சிறுத்தை முன்கால்களைப் பார்த்துக்கொண்டது. "அது நான்தாம்மா."

"தெரியும் ஐயா."

"தெரிஞ்சுதான் வந்தீங்களா?"

"எல்லார்கிட்டயும் சொல்லிப் பார்த்தேன். விதின்னாங்க. மறந்துடுன்னாங்க. அடுத்தது பிறக்கும்னாங்க. ஒருத்தரும் அங்க இல்லையே, அவங்களுக்கு என்ன தெரியும்? நீங்கதான் இருந்தீங்க. நான் அன்னைக்குக் கத்தியிருந்தா அவன் பிழைச்சிருப்பானா?"

சிறுத்தை உண்மையாகவே யோசித்தது.

"இல்லம்மா. நீங்க கேட்டது என் கடைசி அடி. அதுக்கு மேல பாய்ச்சல்தான். கத்தியிருந்தாலும் தப்பியிருக்க முடியாது."

"சத்தியமா?"

"தொழில் விஷயத்துல நான் பொய் சொல்றதில்ல."

வடிவு அழுதாள். நடுவில் யாரும் பேசவில்லை, சமாதானம் சொல்லவில்லை, தண்ணீர் குடி என்று சொல்லவில்லை. அழுது முடித்ததும் சிறுத்தை சொன்னது: "அடுத்த வாரமும் வாங்க. பேச வர்றவங்களை நான் தொடுறதில்ல. சொந்தக்காரங்களுக்கு மட்டும் உறுதி சொல்ல முடியாது."

"அதுல எனக்கு ஒண்ணும் இல்லைங்க ஐயா," என்றாள் வடிவு, மெதுவாக.

அன்றிலிருந்து வடிவு நன்றாகத் தூங்கினாள். சருகு அசைந்தது, அசையட்டும் என்று விட்டாள். கூட்டமும் வயிறு நிறைய மேய்ந்தது. மதினிக்குச் சதை போட்டது. பிறகு ஒரு காலையில் கொம்பையா ஓடைக்குப் போய்விட்டு, வால் இல்லாமல் ஓடி வந்தான்.

"ஏன்டி கத்தல?" என்று எல்லாரும் வடிவைப் பிடித்துக்கொண்டார்கள். "உன்னை நம்பித்தானே நாங்க குனிஞ்சு மேயறோம்? மறுபடியும் பழையபடி ஆயிடு."

"கத்தினாலும் தப்பு, கத்தாட்டியும் தப்பா? உங்க சருகை நீங்க பார்த்துக்கோங்க," என்று வடிவு தானாகவே ஓடைக்கு அந்தப் பக்கம் கிளம்பினாள். போகிற போக்கில், "அவரு பேச வர்றவங்களைத் தொடுறதில்ல," என்று ஒரு வார்த்தை சொல்லி வைத்தாள். கூடப் பிறந்தவன் அல்லவா, மனசு கேட்கவில்லை.

மறுநாள் சிறுத்தையின் பாறை முன்னால் கூட்டமே வரிசையில் நின்றது. முதல் டோக்கன் கொம்பையா. தன் வாலைப் பற்றி ஆரம்பித்து, கொம்பு, சித்தப்பா வீட்டுத் தகராறு என்று பொழுது சாயும்வரை பேசினான். அடுத்து மதினி. பேச வருகிறவர்களைத் தொடக் கூடாது என்பது சிறுத்தையே போட்ட சட்டம். கேட்டுக் கேட்டு அதற்குச் சாப்பாடு இறங்கவில்லை. தூக்கம் போயிற்று. சருகு அசைந்தால், அடுத்த டோக்கனோ என்று தூக்கிவாரிப் போட்டது.

கடைசியில் ஒரு காலையில் அது ஓடையைத் தாண்டி, எலும்பும் தோலுமாக வடிவின் முன்னால் வந்து நின்றது.

"அம்மா, கொஞ்சம் பேசணும்."

வடிவு மேய்வதை நிறுத்திவிட்டு அதை மேலும் கீழும் பார்த்தாள்.

"பேசலாம் ஐயா. முதல்ல சாப்பிட்டுட்டு வாங்க. இன்னைக்கு டோக்கன் வாங்காத மதினி அந்தப் பக்கம்தான் இருக்கா."

நீதி: உங்கள் மனசைப் புரிந்துகொள்ளும் டாக்டரைத் தேடி அலையாதீர்கள், அதை உடைத்தவரிடமே போங்கள், முழு விவரமும் அவருக்குத்தான் தெரியும். போகுமுன் அவர் சாப்பிட்டாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லை என்றால் சொந்தக்காரர்களின் விலாசத்தைக் கொடுங்கள்.