ஒரு தெலுங்குச் சொல்லும் எக்ஸ்ரே நைனாவும்

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் காலை பஸ்ஸில், எந்த டாக்டரையும்விட அதிகம் பேருக்கு வியாதி சொன்னவர் எக்ஸ்ரே நைனாதான். மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் பழம் பிரித்து ஓய்வு பெற்றவர். ரத்தப் பரிசோதனைத் தாளைக்கூட ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத்தான் பார்ப்பார். ஒருமுறை கண்டக்டரின் கரண்ட் பில்லைப் பார்த்துவிட்டு, "கல்லு கீதுப்பா, தண்ணி நெறைய குடி" என்றார். அந்த ஆள் திருப்பதி வரும்வரை தண்ணீர் குடித்துக்கொண்டே வந்தார்.

என் கழுத்துத் தழும்பைப் பார்த்து, "கயிறு அறுத்துச்சாமா?" என்று பஸ்ஸுக்கே கேட்கும்படி விசாரித்தவரும் அவர்தான். என்னவென்று சொல்வது? தைராய்டில் ஹார்மோன் சுரக்கும் செல்களுக்கு 'வளர்' என்று செய்தி கடத்தும் ஒரு புரதம் இருக்கிறது. என் ஜீனில் இருந்த பிறவிப் பிழையால், யாரும் சொல்லாமலே அது 'வளர், வளர்' என்று கடத்திக்கொண்டிருந்தது. வளர்ந்த புற்றுநோய்க் கட்டியை எடுத்தார்கள். என் நான்கு வயது மகளுக்கும் அந்தப் பிழை இருக்கச் சரிபாதி வாய்ப்பு. இருந்தால், கட்டி வருமுன்பே தைராய்டை எடுத்துவிட வேண்டும். நன்றாக ஓடியாடும் குழந்தையின் கழுத்தை அறுக்க நான் சம்மதிக்க வேண்டும்.

பஸ்ஸில் அவள் என் மடியில் இருக்கும்போதே அவளுடைய பரிசோதனை முடிவு போனில் வந்தது. இரைச்சலில் ஸ்பீக்கரைப் போட்டேன். லேப் பெண் தெலுங்கில் சொன்னாள்: "பாபக்கி கூட மார்ப்பு உந்தம்மா."

தெலுங்கில் மார்ப்பு என்றால் மாற்றம். குழந்தைக்கும் ஜீனில் மாற்றம். முன் சீட்டிலிருந்து திரும்பிய நைனாவின் காதில் அது தமிழாக விழுந்திருந்தது.

"கொயந்தைக்கு மார்பு கீதுன்னு சொல்றதுக்கு ஒரு போனா? எனக்குங்கூடத்தான் கீது. இதுக்கு ஏம்மா அழுவுற?"

பஸ் சிரித்தது. அவரைக் கொன்றுவிடலாம் போலிருந்தது. ஆனாலும் சந்திரகிரி வரும்வரை, அவர் சொன்ன அர்த்தமே சரியாக இருக்கக்கூடாதா என்று, படித்த நான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு வெடுக்கென்று சொன்னேன். "மார்பு இல்ல நைனா. என் கழுத்துல வந்தது இவளுக்கும் வருமாம்."

"உங்கிட்டேர்ந்தா போச்சு?"

என் மாமியார்கூட வாய்விட்டுக் கேட்காத கேள்வி. "ஆமா."

"மூக்கு?"

"அதுவும் என்னுதுதான்."

மடியில் செருப்பைக் கழற்றி எறிந்துகொண்டிருந்தவளைக் காட்டினார். "இந்தக் கோவம்?"

"என்னுது."

"நீ இன்னா பொறுக்கிப் பொறுக்கியா குடுத்த? கூடையோட போயிட்டுகீது. அழுகிப்போறதுக்கு முன்ன ஒரு பழத்த எடுத்துப் போட்டுட்டா மிச்சம் நிக்கும். அவ்ளோதான்."

அந்த வாரமே ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டேன். சரிதானா என்று, தினமும் காலையில் அவளுக்கு மாத்திரை கொடுக்கும்போது இன்னும் யோசிக்கிறேன். பஸ் சிரித்த அந்தச் சிரிப்புக்காக நைனாவை நான் மன்னிக்கவும் இல்லை. ஆனாலும் பரிசோதனைக்குப் போகும் நாட்களில், அவர் ஏறும் ஸ்டாப் வரும்வரை பக்கத்து சீட்டில் பையை வைத்துக்கொண்டு, யாரையும் உட்கார விடுவதில்லை.