ஊதா, வெளிர்நீலம், வெள்ளை: ஒரு குழுவின் வெற்றி

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்த அன்றைக்குக்கூட, அந்தத் தாவரவியல் பூங்காவில் ஒரு செடியை "அடையாளம் காண" எழுந்த அளவுக்குக் கோப்புகள் எழுந்திருக்காது.

தென்னமெரிக்காவிலிருந்து வந்த குத்துச்செடி அது. வழியில் மழையில் நனைந்து பெயர்ச்சீட்டு அழிந்துபோனது. இரண்டு வருடம் தண்ணீர் ஊற்றி வளர்த்தவள் தோட்டக்காரம்மா. ஒரு திங்கட்கிழமை காலை முதன்முதலாக நாலு மொட்டு விரிந்ததும், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே ஓடி இயக்குநரிடம் சொன்னவளும் அவள்தான். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

இயக்குநர் அங்கேயே மூவர் குழு அமைத்தார். ஒருவர் கருத்து இன்னொருவரைக் கெடுக்கக்கூடாது என்பதால், ஆளுக்கு ஒரு நாள், ஒரே ஒரு முறை பார்வை. என்னே நேர்மை! அன்றே பெரிய நிபுணர் பார்த்து "ஊதா" என்று எழுதினார். செவ்வாயன்று நடு நிபுணர் "வெளிர்நீலம்" என்றார். புதனன்று சின்ன நிபுணர் "வெள்ளை" என்று அடிக்கோடிட்டார். மூவரும் அவரவர் நிறத்தைப் புத்தகத்தில் தேடி, மூன்று வெவ்வேறு செடிகளின் பெயரோடு வியாழக்கிழமை கூட்டத்துக்கு வந்தார்கள்.

"நீங்க செடியைப் பார்த்தீங்களா, உங்க சட்டையைப் பார்த்தீங்களா?"

"கண்ணாடியைத் துடைச்சுட்டு வந்து பேசுங்க, சார்!"

இரண்டு மணி நேர விவாதத்துக்குப் பின் ஒருமனதாக ஒரு முடிவு எட்டப்பட்டது: தினமும் யாரோ செடியை மாற்றுகிறார்கள். செடி இருக்கும் கூடத்தின் சாவி தோட்டக்காரம்மாவிடம்தான் இருக்கிறது. "ஏன் வேலைநீக்கம் செய்யக்கூடாது?" என்று கேட்டு ஓலை போனது.

மறுநாள் அவள் இயக்குநர் மேசைமுன் போய் நின்றாள்.

"நான் ஒண்ணும் மாத்தலைங்கய்யா. அந்தப் பூதான் மாறுது."

"பூ எப்படிம்மா மாறும்? நிபுணர்கள் யாரும் அப்படிச் சொல்லலையே!"

"அவங்க மறுநாள் வரலைங்களே, ஐயா. இன்னைக்கு ஒரு மொட்டு விரிஞ்சிருக்கு. உங்க கையால ஒரு நூலைக் கட்டுங்க. சாவியையும் நீங்களே வச்சுக்குங்க."

இயக்குநர் கட்டினார், போதாதென்று அரக்கு முத்திரையும் வைத்தார். வெள்ளியன்று ஊதா. சனியன்று வெளிர்நீலம். ஞாயிறன்று, விடுமுறையென்றும் பாராமல் வந்து பூட்டைத் திறந்தவர், அதே நூல், அதே முத்திரை, அதே பூ வெள்ளையாக இருப்பதைக் கண்டு படியில் உட்கார்ந்துவிட்டார்.

திங்களன்று மூன்று நிபுணர்களும் அதே புத்தகத்தில் ஒரே பக்கத்தைக் கண்டெடுத்தார்கள்: பிரேசில் நாட்டுச் செடி, பூ மூன்று நாளில் மூன்று நிறம். மூவரும் சரியாகவே கண்டார்கள் என்று குழு தன்னைப் பாராட்டிக்கொண்டது. தோட்டக்காரம்மாவின் ஓலை "மனிதாபிமான அடிப்படையில்" திரும்பப் பெறப்பட்டது. "கண்டறிந்தவர்கள்" என்று மூவர் பெயரும் பொறித்த பளிங்குப் பலகையை அவளே குழி தோண்டி நட்டாள்.

பூங்காவைச் சுற்றிப் பார்க்க வந்த ஒருவர் பலகையைப் படித்துவிட்டு வியந்தார்.

"ஒரு செடிக்கு மூணு நிபுணரா! ரொம்ப நாள் உட்கார்ந்து பார்த்திருப்பாங்க, இல்லம்மா?"

தோட்டக்காரம்மா மண்வெட்டியைத் தோளில் சாய்த்தாள்.

"ஆமாங்க. மூணு பேரும் சேர்ந்து மூணு நாள்."