எடமாத்தி சாரும் நாலு கம்ப்யூட்டரும்

அருப்புக்கோட்டையில் எந்தப் பொருளையும் இருந்த இடத்தில் இருக்க விடாத மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். பெற்றோர் வைத்த பெயர் அவருக்கு உண்டு. சர்ச்சில் மட்டும் அதைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். மற்றபடி ஊருக்கே அவர் ‘எடமாத்தி’. எங்களுக்கு மரியாதையாக எடமாத்தி சார்.

தொண்ணூறுகளின் நடுவில் நூல்கடை அண்ணாச்சி தன் கடைக்கு மேல் மாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் தொடங்கினார். கீழே நூல் மூட்டை, மேலே நாலு கம்ப்யூட்டர். எடமாத்தி சார் அங்கே ஆசிரியர். நான் பாலவனத்தத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் துணை ஆசிரியை.

வேலைக்குச் சேர்ந்த வாரமே அவர் பெருமை என் காதுக்கு வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் செருப்புகள் தாறுமாறாகக் கிடப்பதைப் பார்த்திருக்கிறார். உள்ளே ஜெபம் நடக்க, வெளியே இவர் ஆண், பெண், பிள்ளைகள் என்று பிரித்து, அதிலும் அளவுவாரியாக அடுக்கிவிட்டார். ஆராதனை முடிந்து வந்த சபையார் வெயிலில் வெறுங்காலோடு துள்ளித் துள்ளித் தேடினார்கள். இரண்டு பேர் அடுத்தவர் செருப்பில் வீடு போய்ச் சேர்ந்தார்கள். இனிமேல் தயவுசெய்து உள்ளேயே வந்து உட்காரும்படி பாஸ்டர் அவரைக் கேட்டுக்கொண்டார்.

அப்படிப்பட்டவர் கையில் கம்ப்யூட்டர் கிடைத்தால் என்ன ஆகும்?

அது எங்கள் ஊருக்கு விண்டோஸ் வராத டாஸ் காலம். கறுப்புத் திரையில் ஒரு சாஃப்ட்வேரின் பெயரைத் தட்டினால் அது திறக்கும். ஆனால் ஏற்றும்போது ஒவ்வொரு சாஃப்ட்வேரும் தனக்குப் பிடித்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். பெரும்பாலோருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. எடமாத்தி சாருக்கு மட்டும் சோறு இறங்காது.

“ஒண்ணு வாசல்ல படுத்துக்கெடக்கு. ஒண்ணு டாஸ் வீட்டுக்குள்ளயே போயி அது பாயில படுத்துக்கெடக்கு. நாளைக்கு ஒண்ண மட்டும் காலி பண்ணணும்னா எதம்மா காலி பண்ணுவ?” என்று என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். 

அவரே ஒரு திட்டம் போட்டார். டிஸ்கில் ஒரு பெரிய டைரக்டரி, இப்போது ஃபோல்டர் என்கிறோமே அது. அதற்கு ஆங்கில எழுத்தில் ‘வீடு’ என்று பெயர். அதற்குள் ஒவ்வொரு சாஃப்ட்வேருக்கும் தனித்தனி அறை. மாணவர்கள் செய்யும் வேலையெல்லாம் வெளியே வேறு டைரக்டரியில். அதற்குப் பெயர் ‘காடு’. எங்கள் பக்கம் காடு என்றால் விளைநிலம். விளைவது காட்டில், குடியிருப்பது வீட்டில். ஒரு சாஃப்ட்வேரைத் தூக்கி எறிந்தாலும் பிள்ளைகள் எழுதியது போகாது.

கேட்க அழகாக இருந்தது. ஆனால் குடிபெயர்ந்த சாஃப்ட்வேர்கள் தங்கள் சாமான்களைப் பழைய முகவரியிலேயே தேடிக் குழம்பின. முதலில் மாட்டிக்கொண்டவர் அண்ணாச்சி. காலையில் கடைக்கணக்குப் பார்க்க மாடிக்கு வந்தவருக்கு எதுவும் திறக்கவில்லை.

“நேத்து வரைக்கும் இருந்துச்சேய்யா?”

“இன்னைக்கும் இருக்கு அண்ணாச்சி. அட்ரஸு மட்டும் வேற.”

“உன்னய வாத்தியாருன்னு சேத்தேனா, வீட்டு புரோக்கருன்னு சேத்தேனா?”

கணக்கு மத்தியானத்துக்குள் திறந்துவிட்டது. ஆனாலும் அண்ணாச்சி அன்று முழுக்க, “மேல ஒருத்தன் இருக்கான், அவன் கையில எம் பொழப்பு மாட்டிக்கிருச்சு” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சார் அசரவில்லை. யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்று மாணவர்களுக்கு மனப்பாடம் ஆகும்வரை சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் அலுத்துக்கொண்டார்கள். பெயரைத் தட்டினாலே திறக்கும்போது வீடு எங்கே, அறை எங்கே என்று நமக்கு எதற்கு என்பது அவர்கள் கட்சி. அது எப்படித் திறக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ‘பாத்’, அதாவது வழி, என்று ஒரு வரி உண்டு. அதில் எந்தெந்த அறைகளின் முகவரி இருக்கிறதோ, அங்கெல்லாம் போய் மெஷின் வரிசையாகத் தேடும். சார் எல்லா அறைகளையும் அந்த வரியில் சேர்த்திருந்தார்.

அதில்தான் வினை வந்தது. பட்டயத் தேர்வின் செய்முறைப் பரீட்சைக்கு மதுரையிலிருந்து ஒரு பரிசோதகர் வந்தார். மதிப்பெண் பதிய அவர் ஃபிளாப்பியில் ஒரு சாஃப்ட்வேர் கொண்டுவந்திருந்தார். விருந்தாளிக்கு மரியாதை என்று, சார் அதற்கும் நாலு மெஷினிலும் அறை கொடுத்து, பாத் வரியின் முன்னால் சேர்த்து, மெஷின்களை அணைத்து வைத்தார். பரீட்சைக்காக மறுபடி போட்டபோது நாலிலும் டேட்டாபேஸ் சாஃப்ட்வேர் திறக்கவில்லை. அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது திரை.

பாத் வரிக்கு ஓர் அளவு உண்டு. அதைத் தாண்டினால் மிச்சத்தை டாஸ் கண்டுகொள்ளாது. முன்னால் விருந்தாளி ஏறியதில், கடைசியில் இருந்த டேட்டாபேஸின் முகவரி பாதியில் அறுந்துபோயிருந்தது. கேள்வித்தாள் முழுக்க டேட்டாபேஸ்தான்.

முதல் மெஷினில் பரளச்சி கிராமத்துச் செல்வராணி உட்கார்ந்திருந்தாள். மானாவாரிக் காட்டை நம்பியிருந்த குடும்பம். இந்த ஒரு பரீட்சை வரைக்கும்தான் படிப்பு, தேறாவிட்டால் கல்யாணம் என்று அவள் அப்பா சொல்லியிருந்தது எங்களுக்கெல்லாம் தெரியும்.  சார் எழுந்து அவளிடம் போனார். பரிசோதகர் கை நீட்டித் தடுத்தார். மாணவர் மெஷினை ஆசிரியர் தொடக் கூடாது, பேசவும் கூடாது. திறக்காவிட்டால் மதிப்பெண் இல்லை. சார் சுவரோரம் போய் நின்றார். எந்தப் பொருளையும் தொடாமல் அவர் நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

செல்வராணி மறுபடி தட்டினாள். மறுபடி இல்லை என்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு நிதானமாக ‘வீடு’ என்று தட்டி உள்ளே போனாள். அதற்குள் டேட்டாபேஸின் அறைக்குப் போனாள். அங்கே நின்று பெயரைத் தட்டினாள். திறந்துகொண்டது.

பரிசோதகர் அவளருகே வந்து, என்ன செய்தாய் என்று கேட்டார்.

“அது வரல சார். அதான் நானே அது வீட்டுக்குப் போயிட்டேன்.”

அவர் சிரித்தே விட்டார். மற்ற மூன்று பேருக்கும் உரக்கச் சொல் என்று அவளுக்கே உத்தரவு கொடுத்தார். எல்லோரும் தேறினார்கள். செல்வராணிக்கு ஒரு மில் ஆபீசில் வேலையும் கிடைத்தது.

பரீட்சை அன்று மத்தியானம் சார் சாப்பிடவில்லை. தூக்குவாளியைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தவர், அவள் சொல்லிக்கொண்டு போக வந்தபோது எழுந்து நின்றார். “தப்பு எம்மேலதாம்மா. நா அளந்து பாத்திருக்கணும்” என்றார்.  அவள், “வாரேன் சார்” என்று படியிறங்கிப் போனாள்.

மறுநாள் எல்லாவற்றையும் பிரித்தார். வீட்டுக்கு முன்னால் ‘வாசல்’ என்று ஒரே ஒரு சின்ன டைரக்டரி. ஒவ்வொரு சாஃப்ட்வேருக்கும் வழிகாட்டும் ஒரு சின்ன ஃபைல் அதில் இருக்கும். பாத் வரியில் டாஸுக்கு அடுத்து அந்த வாசல் மட்டும்தான். அதன்பிறகு எது வந்தாலும் வரி நீளவில்லை, எதுவும் தொலையவில்லை.

இரண்டு வருஷம் கழித்து அவருக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது. வழியனுப்ப நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பஸ் கிளம்புவதற்குள் மேல்தட்டில் இருந்த அடுத்தவர் பைகளை அளவுவாரியாக அடுக்கிக் கண்டக்டரிடம் திட்டு வாங்கினார்.

அவருக்குப் பதிலாக வந்த இளைஞர் விவரமானவர். நாலு மெஷினையும் சுத்தமாக அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றலாம், இப்போதெல்லாம் சாஃப்ட்வேர் தானே இடம் பார்த்து உட்கார்ந்துகொள்ளும் என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. அண்ணாச்சி தன் கடைக்கணக்கு இருந்த மெஷின்மேல் கை வைத்தார்.

“மூண அழிச்சுக்க தம்பி. இது இருக்குற எடத்துலயே இருக்கட்டும். அவுக என்னைக்காச்சும் வந்து பாத்தா வருத்தப்படுவாக.”

அதுவரை அண்ணாச்சி எடமாத்தி சாரை ‘அவன்’ என்றுதான் சொல்லி நான் கேட்டிருந்தேன்.